நம்பிய நீர்த்துறை



கணிப்பொறிக்கு நோய் எவ்வழியாக வருகிறது என்று உங்களுள் ஒருவரைக் கேட்டால், என்ன விடை கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். "கண்ட கண்ட இணையத்தளங்களுக்குப் போனால் வரும்" என்பீர்கள். திருட்டுத் திரைப்படம் தரும் தளம், காசில்லாமல் விளையாட்டுத் தரும் தளம், முன்பின் அறியாத எவரோ அனுப்பிய இணைப்பு ஆகியவற்றை எடுத்துக் காட்டுவீர்கள். அந்த விடை தவறன்று. ஆனால் பாதி விடைதான். மற்றப் பாதியைப் பற்றி உங்களோடு பேசவே இன்று வந்திருக்கிறேன். நாள்தோறும் நாம் செல்லும் நல்ல தளம், ஊரறிந்த செய்தித்தாளின் தளம், நகராட்சியின் தளம், வங்கிகளையே மேற்பார்வை செய்யும் அரசு நிறுவனத்தின் தளம் ஆகிய இவற்றின் வழியாகவும் நோய் வந்திருக்கிறது. ஒருமுறை இருமுறை அன்று, பலமுறை வந்திருக்கிறது.

வைரஸ் என்று நாம் பொதுவாக வழங்கும் இந்த நோய்க்குத் தீநிரல் என்னும் பெயர் பொருத்தமானது. நிரல் என்பது கணிப்பொறிக்கு இடும் கட்டளைத் தொகுதி. தீங்கு செய்வதற்கென்றே எழுதப்பட்ட கட்டளைத் தொகுதி தீநிரல். நம்முடைய கடவுச்சொற்களைத் திருடுவதும், கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்பதும், நம் கணிப்பொறியை நமக்குத் தெரியாமலே பிறருடைய வேலைக்கு ஏவுவதும் அதன் தொழில்கள்.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவு செய்துகொள்வோம். ஒரு பக்கத்தைத் திறந்து படிப்பதனால் மட்டும் தீங்கு எப்படி நேரும்? புத்தகத்தைப் பிரித்துப் படித்தால் புத்தகம் நம் வீட்டிற்குள் புகுந்து பெட்டியைத் திறப்பதில்லையே! இங்கேதான் நாம் மயங்குகிறோம். இணையப் பக்கம் புத்தகத்தைப் போன்றதன்று. நாம் படிப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும்போது, உலாவி அப்பக்கத்தோடு வந்த நிரல்களை நம் கணிப்பொறியிலேயே இயக்கிக்கொண்டிருக்கிறது. படங்கள் நகர்வதும், விண்ணப்பப் படிவம் நம் பிழையைச் சுட்டிக் காட்டுவதும், விளம்பரம் வந்து விழுவதும் அந்நிரல்களால்தான். அவை எல்லாம் ஓரிடத்திலிருந்து வருவனவும் அல்ல. ஒரு செய்தித்தாளின் முகப்பைத் திறந்தால், அச்செய்தித்தாளுக்கு உரிய இடத்திலிருந்து சில. விளம்பர நிறுவனங்களிடமிருந்து சில. வாசகர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கும் நிறுவனத்திடமிருந்து சில. எழுத்துருத் தரும் நிறுவனத்திடமிருந்து ஒன்று. இவ்வாறு பல கைகள் சேர்ந்தே ஒரு பக்கத்தைப் படைக்கின்றன. நாம் நம்புவது ஒருவரை. நம் வீட்டிற்குள் வருபவரோ பலர்.

உலாவி எழுதுவோர் இதை அறியாதவர் அல்லர். பக்கத்தோடு வரும் நிரல்களை ஒரு வேலிக்குள் அடைத்தே அவர்கள் இயங்க விடுகிறார்கள். வேலியைத் தாண்டி நம் கோப்புகளைத் தொட அவற்றுக்கு உரிமை இல்லை. ஆனால் வேலி என்றால் எங்கேனும் ஓட்டை இருக்கும். அதை முதலில் கண்டுபிடிப்பவன் நல்லவனாக இருந்தால் உலாவி நிறுவனத்தாருக்குத் தெரிவிக்கிறான்; தீயவனாக இருந்தால் அதன் வழியாகத் தீநிரலை அனுப்புகிறான். ஓட்டையைத் தேடும் வேலை இருபுறமும் ஓயாது நடந்துகொண்டே இருக்கிறது.

நான் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவன். எங்கள் மேற்கு எல்லையில் தேக்கடிக் காடு இருக்கிறது. கோடைக்காலத்தில் காட்டிலுள்ள சுனைகள் வற்றிப்போனால், மான் கூட்டங்கள் நீர் இருக்கும் துறையைத் தேடி வரும். புலி காடெல்லாம் மானைத் துரத்தி அலைய வேண்டியதில்லை. துறைக்கு அருகே புதரில் பதுங்கியிருந்தால் போதும். மான் தானாகவே வரும். அதுவும் அச்சமின்றி வரும். ஏனெனில் அது நேற்றும் நீர் குடித்த துறை.

இணையத் திருடர் சிலர் கையாளும் முறைக்கு, 2012-ஆம் ஆண்டளவில், ஆங்கிலத்தில் இந்த நீர்த்துறையை வைத்தே பெயர் வழங்கத் தொடங்கினார்கள். போலந்து நாட்டில் நடந்த நிகழ்ச்சி அதற்கு நல்ல சான்று. வங்கி ஒன்றின் கணிப்பொறியை உடைத்துப் புகுவது எளிதன்று. அங்கே காவல் மிகுதி. ஆனால் வங்கி அலுவலர்கள் அடிக்கடி பார்க்கும் தளம் ஒன்று உண்டு. அது நாட்டு நிதி மேற்பார்வை ஆணையத்தின் தளம். திருடர் அத்தளத்திற்குள் புகுந்து, அதன் நிரலில் சில வரிகளை ஒட்டிவிட்டனர். அந்த வரிகள் வருபவர் எல்லாரையும் தாக்கவில்லை. வருபவருடைய இணைய முகவரியைப் பார்த்து, தாங்கள் வைத்திருந்த பட்டியலிலுள்ள நிறுவனமாக இருந்தால் மட்டும் அவரை வேறொரு தளத்திற்குத் திருப்பித் தீநிரலைச் செலுத்தின. மற்றவர்க்குப் பக்கம் வழக்கம்போலத் தோன்றியது. 31 நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இச்செய்தி வெளிப்பட்டது. வங்கிகளுக்குப் பாதுகாப்பு விதிகளைக் கற்பிக்கும் அலுவலகமே வழியாயிற்று என்பதுதான் இதில் வியப்பு.

நீங்கள் போலந்து வங்கியின் அலுவலர் அல்லீர். உங்களை எவனும் இவ்வளவு குறிவைக்கப் போவதில்லை. ஆகவே உங்களுக்கு நெருக்கமான வழிக்கு வருகிறேன். அது விளம்பரம்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடப்பதை உங்களிற் சிலர் பார்த்திருப்பீர்கள். இப்போது அங்கே குரல் கொடுத்து விலை கேட்பதில்லை. வணிகர்கள் கணிப்பொறி முன் அமர்ந்து விலையைக் குறிக்கிறார்கள். ஆனாலும் பழைய வழக்கம் ஒன்று மாறவில்லை. ஒவ்வொரு குவியலின் மாதிரியும் வணிகர் முன்னே வந்தாக வேண்டும். அவர் அதைத் தட்டிலே கொட்டி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, கையிலே உருட்டிப் பார்த்த பின்பே விலை சொல்வார். செயற்கைப் பச்சைச் சாயம் ஏற்றிய காய் சந்தைக்கு வந்த காலமும் உண்டு என்பதால், இந்தப் பார்வை வெறுஞ் சடங்கன்று. மேலும், ஏலத்திலே பங்கு கொள்பவர் எவர், எவ்வூரார் என்பது ஏலம் நடத்துவோர்க்குத் தெரியும்.

செய்தித் தளம் ஒன்றை நீங்கள் திறக்கும்போதும் ஓர் ஏலம் நடக்கிறது. பக்கத்தின் ஓரத்திலே காலியாக உள்ள சதுரம் ஒன்று, நீங்கள் கண்ணிமைக்கும் நேரத்திற்குள், எங்கோ உள்ள கணிப்பொறிகளுக்கு இடையே ஏலம் விடப்படுகிறது. மிகுதியாக விலை சொன்னவருடைய விளம்பரம் அந்தச் சதுரத்தில் வந்து அமர்கிறது. செய்தித்தாளின் ஆசிரியர் அதைப் பார்ப்பதில்லை. இடத்தை வாங்கிய நிறுவனம் இன்னொருவர்க்கு உள்குத்தகை விடுகிறது. அவர் வேறொருவர்க்கு விடுகிறார். தட்டிலே கொட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. வீரபாண்டித் திருவிழாத் திடலில் கடை போட்டவர் எல்லாரும் கோயிலைச் சேர்ந்தவர் அல்லர் என்பது நமக்குத் தெரியும். அம்மன் மேலுள்ள பக்தியால் வளையற் கடைக்காரர் சொல்லும் விலையை நாம் அப்படியே கொடுத்துவிடுவதில்லை. செய்தித் தளத்தின் ஓரத்துச் சதுரத்தை மட்டும் செய்தித்தாளின் சொல்லாகவே எடுத்துக்கொள்கிறோம்.

2016-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நியூயார்க் டைம்ஸ், பி.பி.சி. முதலிய பெரிய தளங்களிலேயே தீநிரல் ஏந்திய விளம்பரங்கள் தோன்றின. விளம்பரத்தை யாரும் தொட வேண்டிய தேவைகூட இல்லை. அது திரையில் தோன்றினாலே, உலாவியிலும் பிளாஷ் போன்ற துணைக்கருவிகளிலும் உள்ள பழைய ஓட்டைகளைத் தேடி, கிடைத்தால் உள்ளே புகுந்துவிடும். புகுந்தபின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும். இதிலே திருடர் செய்த தந்திரம் ஒன்று எனக்கு மறக்கவில்லை. முன்பு நேர்மையாக விளம்பரத் தொழில் நடத்திய நிறுவனம் ஒன்றின் இணையப் பெயர் காலாவதியாகிக் கிடந்தது. அதை விலைக்கு எடுத்து, அந்தப் பெயருக்கு இருந்த நல்ல மதிப்பைக் கொண்டே காவலைக் கடந்தனர். அந்தப் பிளாஷ் கருவியை அடோபி நிறுவனத்தார் 2020-ஆம் ஆண்டு இறுதியோடு கைவிட்டுவிட்டார்கள். ஆதலால் இன்று எந்தப் பக்கமாவது "பிளாஷைப் புதுப்பித்துக்கொள்" என்று சொன்னால், சொல்வது பொய் என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

விளம்பரமே இல்லாத அரசுத் தளங்கள் பாதுகாப்பானவை அல்லவா என்று கேட்கலாம். நம் அண்டை மாநிலத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2018-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஆந்திர மாநில நகராட்சி நிர்வாகத் துறையின் தளத்திலும், திருப்பதி மாநகராட்சி, மாச்செர்லா நகராட்சி ஆகியவற்றின் தளங்களிலும் காயின்ஹைவ் என்னும் நிரல் ஒளிந்திருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தனர். அது கோப்பைத் திருடுவதில்லை. மொனேரோ என்னும் எண்முறை நாணயத்தை ஈட்டுவதற்குப் பெருங்கணக்குகள் போட வேண்டும். அந்தக் கணக்கை, பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவருடைய கணிப்பொறியைக் கொண்டே போட்டு, வரும் நாணயத்தைத் தான் எடுத்துக்கொள்ளும். வீட்டு வரி பார்க்கச் சென்றவருடைய கணிப்பொறி காரணமின்றிச் சூடாகும், வேகம் குறையும், மின்சாரம் செலவாகும். பக்கத்தை மூடினால் நின்றுவிடும். தீநிரல்களுள் இது மெல்லியது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இதை வைக்க முடிந்தவனால் கொடியதையும் வைத்திருக்க முடியும் அன்றோ! காயின்ஹைவ் 2019-ஆம் ஆண்டு மார்ச்சில் மூடப்பட்டது, முறை மூடப்படவில்லை.

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் நடந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. கண்பார்வை குன்றியோர்க்குப் பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் நிரல் ஒன்றைப் பல தளங்கள் ஒரு நிறுவனத்திடமிருந்து இரவலாகப் பெற்றுவந்தன. அந்த ஒரு நிரலை மாற்றியதனால், நாலாயிரத்துக்கு மேற்பட்ட தளங்கள் ஒரே நாளில் காயின்ஹைவை ஏந்தின. பிரிட்டனில் மக்களுடைய தகவல்களைக் காப்பதற்கென்றே அமைந்த ஆணையரின் தளமும் அவற்றுள் ஒன்று. தளங்கள் எவையும் உடைக்கப்படவில்லை. தலைமடையில் கலந்தது கடைமடை வரைக்கும் பாய்ந்தது. 1895-ஆம் ஆண்டு முதல், மலையைக் குடைந்து திருப்பிவிட்ட பெரியாற்று நீரைக் கொண்டு வாழும் எங்கள் பள்ளத்தாக்கு மக்களுக்கு, இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வயலில் பாய்வது எங்கள் வயலில் ஊறியது அன்று.

2024-ஆம் ஆண்டில் வேறொன்று நிகழ்ந்தது. பழைய உலாவிகளிலும் புதிய பக்கங்கள் தெரிவதற்கு உதவும் பாலிஃபில் என்ற நிரலை, ஓர் இணைய முகவரியிலிருந்து இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் எடுத்துப் பயன்படுத்தின. அவ்வாண்டு பிப்ரவரியில் அந்த முகவரி கைமாறியது. ஜூன் திங்களில், புதிய உடைமையாளரிடமிருந்து வரும் நிரல் வாசகரைத் தீய தளங்களுக்குத் திருப்பிவிடுகிறது என்பது தெரிந்தது. கிணறு விற்கப்பட்டதை அதில் நீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் அறியவில்லை.

இனி, நான் நேரில் அறிந்த ஒன்று. சின்னமனூர்ப் பக்கத்தில் வாழைக்காய் மண்டி ஒன்று உண்டு. விவசாயிகள் வெட்டிக் கொண்டுவரும் தார்களை எடை போட்டு வெளியூர்களுக்கு அனுப்பிவிட்டு, பணம் வந்தபின் கணக்குத் தீர்ப்பது அவர்கள் வழக்கம். பேரேடு முழுவதும் ஒரே கணிப்பொறியில் இருந்தது. என்னிடம் படித்த பெண் ஒருத்தி அங்கே கணக்கெழுதி வந்தாள். நாள்தோறும் காலையில் விலை நிலவரம் பார்க்க ஒரு தளத்தைத் திறப்பாள். ஒருநாள் அந்தப் பக்கம் முழுவதையும் மறைத்துக்கொண்டு, "உங்கள் உலாவி பழையதாகிவிட்டது, உடனே புதுப்பியுங்கள்" என்று ஓர் அறிவிப்பு வந்தது. குரோம் உலாவியின் அடையாளம், நிறம், எழுத்து எல்லாம் அச்சாக அப்படியே இருந்தன. அவள் அழுத்தினாள், ஒரு கோப்பு இறங்கியது, அதைத் திறந்தாள். அன்று ஒன்றும் நேரவில்லை. மூன்றாம் நாள் காலையில் பேரேட்டைத் திறக்க முடியவில்லை. எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறிக் கிடந்தன. பணம் கேட்டு ஓர் ஓலை மட்டும் திறந்தது.

"யாரைக் கேட்டம்மா அதை அமுக்கினாய்?" என்று முதலாளி கேட்டார். "தினமும் பார்க்கிற பக்கந்தானே ஐயா" என்றாள் அவள். அந்த விடைக்கு அவரிடம் மறுமொழி இல்லை. எனினும் பழி அவள் மேலேயே நின்றது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவள் திருட்டுத் தளத்திற்குப் போனவள் அல்லள். புதுப்பிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வதைக் கேட்டு நடந்தவள். தங்கள் தளத்தை உடைத்து எவனோ அந்த அறிவிப்பை நுழைத்ததைத் தள உரிமையாளர் பல நாள் அறியவேயில்லை. மண்டியிலோ, வேறு படி ஒன்றை எடுத்துவைக்கும் ஏற்பாடும் இல்லை. கடைசியில் காப்பாற்றியது என்ன தெரியுமா? தாரை எடை போட்டபோது விவசாயிகளுக்குக் கொடுத்த காகிதச் சிட்டை. அவர்கள் ஒவ்வொருவராகச் சிட்டையைக் கொண்டுவர, அவற்றைப் பார்த்துப் பேரேட்டை மறுபடியும் எழுதினார்கள். சிட்டையைத் தொலைத்துவிட்ட சில குடும்பங்களுக்கு, முதலாளியின் மனச்சாட்சி ஒன்றே கணக்காயிற்று.

இந்தப் போலிப் புதுப்பிப்பு எங்கள் ஊருக்கு மட்டும் வந்ததன்று. 2017-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் ரஷ்யாவிலும் உக்ரைனிலும் பரவிய 'பேட் ராபிட்' என்னும் தீநிரல், உடைக்கப்பட்ட செய்தித் தளங்களில் பிளாஷ் புதுப்பிப்பு என்ற வேடத்தோடு தோன்றி, கீவ் நகரச் சுரங்க ரயிலின் கணிப்பொறிகள் வரைக்கும் சென்றது. இப்போது வேடம் இன்னும் தேர்ந்துவிட்டது. 2024 முதல் பெருகிவரும் ஒரு முறையைக் கவனமாகக் கேளுங்கள். நீங்கள் நன்கறிந்த தளத்தில், "நீங்கள் மனிதர்தாம் என்று மெய்ப்பியுங்கள்" என்று ஒரு பெட்டி தோன்றும். வழக்கமான பெட்டி என்று தொடுவீர்கள். உடனே, "விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள்; பிறகு கண்ட்ரோல் வி; பிறகு என்டர்" என்று மூன்று படிகளைச் சொல்லும். நீங்கள் பெட்டியைத் தொட்ட அந்த நொடியிலேயே ஒரு கட்டளையை உங்கள் கணிப்பொறியின் நினைவில் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று விசைகளால் உங்கள் கையாலேயே அதை இயக்க வைக்கிறார்கள். வேலியில் ஓட்டை தேடும் உழைப்புக்கூட அவர்களுக்கு இல்லை. உள்ளிருப்பவரைக் கொண்டே கதவைத் திறக்கச் செய்கிறார்கள். எந்த நேர்மையான தளமும் அந்த விசைகளை அழுத்தச் சொல்லாது. "உங்கள் தொலைபேசியில் பதின்மூன்று வைரஸ்கள் உள்ளன" என்று மின்னும் பக்கமும் அத்தகையதே. உங்கள் கருவிக்குள் நோய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வலைப்பக்கத்திற்கு வழியே இல்லை. கையைத் தொடாமலே நாடி பார்க்கும் வைத்தியர் அது.

ஒரு வகைத் தீங்குக்கு மட்டும் பயனாளியிடம் மருந்து குறைவு என்பதை மறைக்காமல் சொல்கிறேன். வாழைக்கன்று வாங்கி நடுபவர்களைக் கேளுங்கள். முடிக்கொத்து நோயோ வாடல் நோயோ கொண்ட தாய்மரத்துக் கன்று, நடும்போது பசுமையாகவே இருக்கும். தோட்டக்காரர் நல்லவர், விலையும் நியாயம், நோய் மட்டும் கூடவே வந்துவிடும். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல் செப்டம்பர் 12 வரை, சி-கிளீனர் என்ற புகழ்பெற்ற கருவியை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியவர்களுக்கு இதுவே நேர்ந்தது. நிறுவனத்தின் முத்திரையோடு வந்த கோப்பிலேயே தீநிரல் இருந்தது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதைப் பெற்றனர். அவர்கள் செய்ததில் குற்றம் காண எனக்குத் தெரியவில்லை.

முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டுச் சின்னத்தை நம்பலாமா என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. அந்தப் பூட்டு சொல்வது ஒன்றுதான்: உங்களுக்கும் தளத்திற்கும் இடையே செல்லும் செய்தியை வழியில் எவரும் படிக்க முடியாது. தளம் நல்லதா, அதிலே நஞ்சு இருக்கிறதா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. திருடனும் பூட்டு வாங்கலாம், காசில்லாமலே கிடைக்கிறது. மக்கள் தவறாகப் பொருள் கொள்கிறார்கள் என்பதனாலேயே கூகுள் நிறுவனத்தார் 2023-ஆம் ஆண்டில் குரோம் உலாவியிலிருந்து அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டனர்.

ஆனால் என்ன செய்வது? எல்லாவற்றிலும் முதன்மையானது புதுப்பித்தல். போலிப் புதுப்பிப்பைக் கண்டு அஞ்சி மெய்யான புதுப்பிப்பை விட்டுவிடக் கூடாது. வேறுபாடு எளியது. மெய்யான புதுப்பிப்பு உலாவியின் சொந்தப் பட்டியலிலிருந்தோ கணிப்பொறியின் அமைப்புகளிலிருந்தோ வரும். எந்த வலைப்பக்கத்தின் நடுவிலிருந்தும் வராது. அறிவிப்பு எதைக் கண்டாலும் பக்கத்தை மூடிவிட்டு, உலாவியின் 'உதவி' பகுதிக்கு நீங்களே சென்று பாருங்கள். உலாவியை நாள் கணக்கில் மூடாமலே வைத்திருப்போர்க்குப் புதுப்பிப்பு வந்தும் பயனில்லை. மூடித் திறந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் உலகையே கலக்கிய 'வான்னாகிரை'யை நினைத்துப் பாருங்கள். அது வலைப்பக்கத்தின் வழியாக வந்ததன்று என்றாலும் பாடம் ஒன்றே. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்டு நிறுவனத்தார் மார்ச்சு 14-ஆம் நாளே வெளியிட்டுவிட்டனர். இரண்டு திங்கள் சோம்பலுக்குக் கொடுத்த விலை அது. நம் கடைத்தெருக்களில் விண்டோஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குரிய பொது ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது.

அடுத்தது, கணிப்பொறியில் அன்றாட வேலைக்கு முழு அதிகாரமுள்ள கணக்கைப் பயன்படுத்தாமல், சாதாரணக் கணக்கு ஒன்றைப் பயன்படுத்துவது. தீநிரல் எந்தக் கணக்கில் புகுந்ததோ அந்தக் கணக்கின் அதிகாரமே முதலில் அதற்குக் கிடைக்கும். விளம்பரத் தடுப்பியை நிறுவலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. விளம்பர வருவாயால் வாழும் செய்தித்தாள்களுக்கு அது இழப்பு. ஆயினும், தட்டிலே கொட்டிப் பார்க்காத சரக்கை என் வீட்டிற்கு அனுப்புவோரிடம் எனக்கு அவ்வளவு இரக்கம் எழவில்லை, நான் நிறுவியிருக்கிறேன். உலாவியில் ஒட்டிக்கொள்ளும் பிற துணைநிரல்களை மட்டும் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "அறிவிப்பு அனுப்ப அனுமதியுங்கள்" என்று கேட்கும் தளங்களுக்கு மறுப்பே தக்க விடை.

மண்டியின் கதையைக் கேட்டவர்களுக்குப் படியெடுத்து வைப்பதைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு நுட்பம் உண்டு. படி எடுத்த பென் டிரைவைக் கணிப்பொறியிலேயே செருகி வைத்திருந்தால், பூட்டும் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டும். எடுத்தபின் கழற்றி வேறிடத்தில் வைக்க வேண்டும். முக்கியமான கணிப்பொறியை இணையத்திலிருந்து பிரித்து வைப்பதன் பயனை 2019-இல் கூடங்குளத்தில் கண்டோம். அணுமின் நிலைய நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணிப்பொறி ஒன்றில் தீநிரல் இருந்ததை அவ்வாண்டு அக்டோபர் 30-ஆம் நாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு அதனோடு இணைக்கப்படாமல் தனியே இருந்ததால் அது தொடப்படவில்லை என்றும் கூறியது.

ஏதேனும் நேர்ந்துவிட்டதாக ஐயம் எழுந்தால், முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து, மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் உரிய கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நேரம் கடந்தால் பணம் கைமாறிக்கொண்டே போகும். மைய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரத்தின் தளத்தில் நோய் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள். தாய் தந்தையர்க்கும் ஒரு சொல்: பிள்ளை வந்து சொன்னால் வையாதீர்கள், வைதால் அடுத்தமுறை சொல்லமாட்டான்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கல்லூரி மாணவர்களில் சிலர் நாளை தளங்களை அமைக்கப் போகிறவர்கள். பேரூராட்சிக்கோ, பள்ளிக்கோ, மண்டிக்கோ, அவை உங்கள் கையால் உருவாகும். பிறருடைய நிரலை எடுத்தாளும்போது, முடிந்தவரை அதன் படியை உங்கள் இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரவலாகத்தான் பெற வேண்டும் என்றால், அந்தக் கோப்பின் முத்திரை எண்ணைக் கணக்கிட்டுப் பக்கத்தில் எழுதிவிட வழி உண்டு. பிறகு கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் உலாவி அதை இயக்க மறுத்துவிடும். 2018 பிப்ரவரியில் அந்த நாலாயிரம் தளங்களும் இந்த ஒரு வரியை எழுதியிருந்தால், அன்று மாற்றப்பட்ட நிரல் அவற்றில் ஓடியிருக்காது. தளத்தை அமைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடாமல், அதன் மென்பொருளைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தளத்தின் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் எந்நாளில் முடிகிறது என்பதை, உங்கள் நாட்குறிப்பில் மட்டுமன்றி, அந்த அலுவலகத்துச் சுவரிலும் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.